ஒருத்தருக்கு வடித்த சோறு

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
9.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை ஷோபா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் ஆசை, முழங்கால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ரூபேஷ் காது மெஷினை மாற்றித் தந்தானா? போன வாரம் போனில் நான் ஒன்று கேட்க, நீங்கள் ஒன்று சொல்ல, எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இருபது வருஷத்துக்கு மேல் தங்கச் சுரங்கத்துக்கு அடியில் டிரில் மெஷின் பிடித்த காதுக்கு இனிமேல் கடிதம்தான் சரி. பழையபடி எழுதுகிறேன். நீங்களும் சோம்பல் படாமல் எழுதுங்கள்.

பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டேன். விடியறதுக்கு முன்னால் மாரிகுப்பம் ரயிலுக்கு ஓடி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே துணி செக்கிங் பார்த்து, நின்றுகொண்டே திரும்பி வந்தது போதும் அண்ணா. அலுத்துப்போச்சு.

இப்போது வேறு ஒரு வேலை வந்திருக்கிறது, சிரிக்காதீர்கள். சுமா என்று ஒரு பெங்களூர்ப் பெண், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறாள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், வாத்தியார்கள், ரிட்டயர் ஆனவர்கள், இப்படிக் கலந்து. ஊர் ஜனங்கள் எப்படி ஒருத்தரை ஒருத்தர் அண்டி வாழ்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரிய வேண்டுமாம். நான் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய நம் லைன் வீடுகளைச் சுற்றிக்காட்டி, விளக்கம் சொல்லி, மதியம் நம் வீட்டில் சோறு போட வேண்டும். இதைக் கிராமம் என்கிறார்கள். பெங்களூருக்கு முன்னாலேயே இங்கே கரெண்ட் வந்தது என்று சொன்னால், பாவம் பாட்டிக்கு ஏதோ குழப்பம் என்கிற மாதிரி தலையாட்டுகிறார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயசுதான் ஆகிறது.

முதல் தடவை தட்டு பத்தாமல் பக்கத்து வீட்டு லூயிசா அக்காதான் தன் வீட்டுத் தட்டுகளைக் கொடுத்தது. உங்கள் கூட்டாளி சைலஸ் போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்சம் ஒடுங்கிப்போனாலும் அக்கா வாய் மட்டும் ஓயவில்லை. மகன் டக்ளஸ் ஞாயிறு தவறாமல் பெங்களூரிலிருந்து வந்து அம்மா கையால் சாப்பிட்டுப் போகிறானாம்.

அண்ணிக்குத் திதி வருகிறதே, நினைவிருக்கட்டும்.

உங்கள் தங்கை,
ஷோபா


புனே
30.6.2024

அன்புள்ள ஷோபா,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். காது மெஷின் விசில் அடிக்கிறது, கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவு.

இங்கே ரூபேஷும் மருமகளும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். வீடு பதினோராவது மாடி. சுரங்கத்துக் கேஜில் கீழே இறங்கியே பழகின எனக்கு லிஃப்டில் மேலே போகும்போதெல்லாம் ஏதோ ஷிஃப்ட் முடிந்து வருகிற மாதிரி இருக்கிறது. வந்து பார்த்தால் வெளியே யாரும் இல்லை.

உன் புது வேலை எனக்குப் பிடிக்கவில்லை. மூடிக் கிடக்கிற சுரங்க ஷாஃப்டைக் காட்டு, தங்கம் எடுத்து மிஞ்சின சயனைடு மண்மேட்டைக் காட்டு, கோயிலைக் காட்டு, சர்ச்சைக் காட்டு. ஜனங்களை எதற்குக் காட்ட வேண்டும்? நாம் ஒன்றும் லால்பாக் பூச்செடி இல்லை. காட்டியே தீர வேண்டும் என்றால் வீதியோடு நிறுத்திக்கொள். வாசற்படிக்கு உள்ளே வேண்டாம்.

லூயிசாவை நான் விசாரித்ததாகச் சொல். சைலஸும் நானும் ஒரே மெஷினைப் பிடித்தவர்கள், அவன் வீடு எனக்கு இன்னொரு வீடு.

அண்ணன்,
கோவிந்தன்


மைசூர் மைன்ஸ்
28.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. வேப்பெண்ணெய் தடவினேன், கால் அப்படியே இருக்கிறது, வீடுதான் நாறுகிறது.

நீங்கள் கோபப்பட்டாலும் சொல்கிறேன், இந்த வேலை எனக்கு வருகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மாற்றி மாற்றிப் பேசுகிறேன், கொஞ்சம் இங்கிலீஷும். போன தடவை கிளம்பும்போது கைதட்டினார்கள் அண்ணா. கார்மென்ட்ஸில் பதினாலு வருஷம் இருந்தேன், யாராவது என்னைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்களா?

சிரிப்பும் உண்டு. குழாயடியில் பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து ஒரு பெரியவர், ஆஹா என்ன ஒற்றுமை என்று கண் கலங்கினார். எதிர்வீட்டு லதாவும் பார்வதம்மாவும் குடத்தை முன்னே வைத்ததற்குச் சண்டை போட்டு, அந்த மூச்சிரைப்புகூட அடங்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்காரிகளே, யார் வீடு பூட்டிக் கிடந்தாலும் அவர்கள் வாசலில் இருக்கிற டிரம்மைத் தூக்கிப்போய் நிரப்பி வைப்பார்கள். இதைச் சொன்னேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் வாயால் சொன்னால் புரிய மாட்டேன் என்கிறது. நாம் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, இல்லையா? லூயிசா அக்கா வீட்டுப் பின்கதவு எனக்கு என் வீட்டுக் கதவு. நேரே உள்ளே போய்க் குண்டான் மூடியைத் திறந்து, இன்னா கொழம்பு என்று கேட்காமல் எனக்குப் பொழுது போனதில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பூட்டிய கதவுக்குள் இருந்தே பழகியவர்கள். அடுத்த தடவை கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

அக்கா உங்களை விசாரித்தது. திங்கட்கிழமை காலையில், டக்ளஸுக்கு நேத்து இன்னா செஞ்சீங்க என்று நான் கேட்டால்தான் அதற்கு வாரம் தொடங்குகிறது. நானும் விடாமல் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
ஷோபா


மைசூர் மைன்ஸ்
12.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இங்கே மழை சரியாக இல்லை.

லைனில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லூயிசா அக்கா பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். போன வாரம் பங்காருபேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், தண்ணீர் வந்து போயிருக்கிறது. எல்லார் வாசலிலும் டிரம் நிறைந்திருக்கிறது, என்னுடையது கவிழ்த்தபடி கிடக்கிறது. நாலு நாள் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்கினேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கு நல்ல பேர் வாங்கித் தரத்தான் பார்த்தேன். இந்த வயசில் யார் தயவும் எனக்கு வேண்டாம்.

அதிகம் எழுத முடியவில்லை. தலை வலிக்கிறது.

ஷோபா


புனே
30.9.2024

அன்புள்ள தங்கச்சி லூயிசாவுக்கு,

கோவிந்தன் எழுதுகிறேன். நீயும் டக்ளஸும் சுகமா? எனக்கு ஒரு மாதமாகச் சளியும் காய்ச்சலும், அதனால் யாருக்கும் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

ஷோபாவின் கடிதம் வந்தது. அவள் நாலு பக்கம் எழுதுகிறவள், இந்தத் தடவை அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாள். நீ கதவைச் சாத்திவிட்டாய் என்கிறாள், ஏன் என்று சொல்லவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறாள். சின்ன வயசிலிருந்தே அவள் அப்படிச் சொன்னால் எதையோ உடைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

நீ காரணம் இல்லாமல் கதவைச் சாத்துகிறவள் இல்லை. சைலஸ் இருந்திருந்தால் அவனைக் கேட்டிருப்பேன். உன்னைக் கேட்கிறேன். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம்.

கோவிந்தன்


மைசூர் மைன்ஸ்
14.10.2024

பிரியமுள்ள கோவிந்தண்ணாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் உயிரோடு சுகமாயிருக்கிறேன். நீங்கள் காய்ச்சலில் கிடந்தது கேட்டு வருத்தம். உங்களுக்காக ஜெபம் பண்ணினேன். மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள், அங்கே யாராவது வைத்துத் தருவார்கள்தானே.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் உங்களோடு ஒரே மெஷின் பிடித்தவர். அந்த ஒரு உறவுக்காகச் சொல்கிறேன்.

டக்ளஸ் இந்த வீட்டு வாசற்படி மிதித்து இரண்டு கிறிஸ்மஸ் ஆகிறது. ஏன் என்று நீங்கள் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கறி வாசனை வருகிறது. அதனால் நானும் அவன் வந்து போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லைனில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேட்டதில்லை. உங்கள் தங்கை திங்கட்கிழமை தவறாமல், அவனுக்கு இன்னா செஞ்சீங்க என்று கேட்கும். நானும் கோழி, மீன் என்று ஏதாவது சொல்வேன். அந்தப் பிள்ளை கேட்கிறதே என்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா அண்ணா?

ஆகஸ்டில் அந்த பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். நான் வாசலில் நின்று நல்லபடியாகப் பேசினேன். மகன் வந்திருக்கிறான், வெளியே போயிருக்கிறான் என்று சொன்னேன். உங்கள் தங்கை அத்தனை பேரையும் பின்கதவு வழியாக என் அடுப்படிக்குக் கூட்டி வந்துவிட்டது. எப்போதும்போல் குண்டான் மூடியைத் திறந்தது. திறந்தால்கூடப் பரவாயில்லை. விளக்கம் சொன்னது. "பாருங்க, நாங்க குண்டானப் பாத்தே ஊட்ல எத்தினி பேருன்னு சொல்லிடுவோம். இது ஒருத்தருக்கு வடிச்ச சோறு." பக்கத்துச் சட்டியில் ஒரே ஒரு முட்டை கிடந்தது, அதையும் காட்டியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை, தப்பாக ஒன்றும் நினைக்காமல்தான், "அப்ப உங்க பையன் சாப்பிடலையா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டது. லதாவும் பார்வதம்மாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உங்கள் தங்கை கையிலிருந்து மூடி கீழே விழுந்தது.

அது பொய் சொல்லவில்லை அண்ணா. அதனால்தான் எனக்கு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. என் அடுப்படியை வெளியே சொன்னவள் நாளைக்கு நம் வீட்டைச் சொல்ல மாட்டாளா என்று பார்வதம்மா எல்லாரிடமும் பேசிவிட்டது. அதை நான் தடுக்கவில்லை. அது என் பாவம்.

ஷோபாவைத் திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
லூயிசா


புனே
27.10.2024

ஷோபா,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

லூயிசா எழுதினாள். நீ என்னிடம் மறைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் வாசற்படிக்கு உள்ளே வேண்டாம் என்றது உன் காதில் விழவில்லை. நம் வீட்டில் செவிடு யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போய் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அந்த விஷயத்தை இன்னொரு தடவை வாயால் சொல்ல வேண்டிவரும். சும்மா இரு. பண்டிகை வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

கோவிந்தன்


மைசூர் மைன்ஸ்
29.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உடம்பு இருக்கிறது. அங்கே குளிர் அதிகமா? ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதாமலேயே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியது வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நான் போய்விட்டேன் அண்ணா. முன்வாசலில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தது. டக்ளஸ் வராதது எனக்கு முன்னாலேயே தெரியும், வேண்டுமென்று சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன். "தெரிஞ்சிகினுதான் வாராவாரம் கேட்டியா?" என்று அக்கா கேட்டது. நான் இல்லை என்று சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. இத்தனை நாள் ஆறுதல் என்று அது நினைத்துக்கொண்டிருந்ததையும் நானே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டுப் பலகாரத் தட்டு நம் வீட்டுக்கு வராத வருஷம் இல்லை. இந்த வருஷம் தட்டு என் வாசலைத் தாண்டி லதா வீட்டுக்குப் போனது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

சுமாவிடம் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டேன். முழங்கால் என்று காரணம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அன்னிக்கு மூடிய தொறந்திருக்கக் கூடாது என்று மட்டும் வாய்தவறி வந்துவிட்டது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜனங்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு என் வாய்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. நாம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம் என்று ஊரெல்லாம் சொன்னவள், நாள் முழுக்க ஒருத்தரோடும் பேசாமல் விளக்கை அணைத்துப் படுக்கிறேன். மறுபடியும் கார்மென்ட்ஸுக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன். ரயிலிலாவது பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள்.

புது வருஷத்திலாவது நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஷோபா


மைசூர் மைன்ஸ்
11.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் சளி, இருமல் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சுமா வந்தாள். கும்பல் இல்லை, தனியாகத்தான். என்னை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்து, இல்லை என்று சொல்லத் தயாராக நின்றேன். அவள் என் வீட்டுக்கு வரவில்லை. நேரே லூயிசா அக்கா வீட்டு முன்னால் போய் நின்றாள். அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. லதா, பார்வதம்மா, இன்னும் நாலைந்து பேர் எதிரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சுமா படியில் கால்கூட வைக்கவில்லை, தெருவிலேயே நின்றாள். இவளும் மன்னிப்புக் கேட்டு, மிச்சம் மீதி இருப்பதையும் கெடுக்கப் போகிறாள் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்குத் தெரிந்த தமிழில் சத்தமாகச் சொன்னாள். "அம்மா, அன்னிக்கு நாங்க லேட்டா வந்துட்டோம். உங்க பையன் சாப்ட்டு கிளம்பினப்புறம் வந்தோம். நீங்க உங்களுக்குன்னு தனியா வடிச்சு வெச்சிருந்ததப் பாத்துட்டு, எங்க ஆளுங்க என்னமோ கேட்டுட்டாங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அவரோட பேசியிருக்கலாம்."

அக்கா முறத்தை நிறுத்தவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தது.

"ஆமாம்மா" என்றது. "அவன் அன்னிக்கு சீக்கிரமே சாப்ட்டான். ரயிலுக்கு நேரமாய்ச்சின்னு ஓடிட்டான்."

உடனே பார்வதம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "நானும் பாத்தனே, பைய எடுத்துகினு போனான்" என்றது. கல்லில் செய்தது என்று நான் நினைத்திருந்த பார்வதம்மா. லதாவும் உடனே, ஆளு இளைச்சிப் போய்க்கிறான் என்றாள். ஆளாளுக்கு டக்ளஸைப் பார்த்திருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன் அண்ணா. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அழத் தெம்பு வந்திருந்தது.

சுமா என் வீட்டுக்கும் வந்து தண்ணீர் குடித்தாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். அன்றைக்கு மூடி கீழே விழுந்தபோது என் முகத்தைப் பார்த்தாளாம். இத்தனை ஞாயிறு நான் விளக்கம் சொன்னதில் அவளுக்குப் புரியாதது அந்த ஒரு பார்வையில் புரிந்ததாம். சாப்பிட்டுப் போ என்றேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சாயந்திரம் நான் அடுப்படியில் இருந்தபோது பின்கதவு திறந்தது. தட்டவில்லை. அக்கா உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், நேரே போய் என் குண்டான் மூடியைத் திறந்தது. "இன்னா ஷோபா, ஒருத்திக்குத்தான் வடிச்சியா? அந்தப் பொண்ணு சாப்பிடாமலா போச்சி?" என்றது. நான் ஆமாம் என்றேன். மிளகாய்த்தூள் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போனது.

அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் நாங்கள் பேசவில்லை.

உங்கள் தங்கை,
ஷோபா


புனே
3.3.2025

அன்புள்ள ஷோபா,

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்தப் பெண் சுமா நன்றாக இருக்கட்டும். இருமல் நின்றுவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்லப் போகிறேன். முன்னால் சொல்லியிருந்தால் நீ அதற்கு நாலு பக்கம் விளக்கம் எழுதியிருப்பாய், ரூபேஷுக்குப் போன் போட்டிருப்பாய். இப்போது செய்ய மாட்டாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மருமகள் தட்டை என் அறைக்குள் வைத்துவிட்டுப் போவாள். ரூபேஷ் வருவதற்குள் நான் படுத்துவிடுவேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்குக் கத்தத் தெம்பு ஏது? கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைக்கிறார்களாம். மருமகளுக்கு அது அவமானமாக இருக்கிறது. அதனால் எல்லோரும் பேசாமல் இருந்து பழகிவிட்டோம். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

பதில் எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. லூயிசாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்,
கோவிந்தன்


மைசூர் மைன்ஸ்
18.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ரூபேஷையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இருமல் நின்றது கேட்டு நிம்மதி.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. லூயிசா அக்காவுக்குக் கால் வீங்கி, கோலார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தேன், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பார்வதம்மாவும் லதாவும் பழையபடி குழாயடியில் சண்டை போடுகிறார்கள்.

சுமா கேட்டுக்கொண்டதால் இந்த மாதம் மறுபடியும் ஆட்களை வீதியோடு சுற்றிக்காட்டினேன். அதில் ஒரு பெண் பயந்துபோய், இங்கே ஏன் எல்லாரும் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டாள். சண்டை இல்லை அம்மா, இங்கே வயசான ஆம்பளைகள் பாதிப் பேருக்கு மெஷின் பிடித்த காது, லைனில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், எங்களுக்கு அதுதான் பழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

விருந்தாளிகளுக்காக உள் அறையில் அடுக்கிவைத்திருந்த நாற்காலிகளை லூயிசா அக்கா வீட்டுக்கு மாற்றிவிட்டேன். அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அதில் ஒரு கட்டிலைத் தவிர நான் எதுவும் வைக்கப் போவதில்லை.

உங்கள் தங்கை,
ஷோபா